இண்டக்ஷன் மட்டும்தான் இருக்கு: புயல், கரண்ட் கட் நேரத்துக்கு எந்தச் சின்ன அடுப்பு வாங்கலாம்?

மாடிவீடு (பெரும்பாக்கம்)

வணக்கம். வாடகை ஃப்ளாட், நான்காவது மாடி. கேஸ் கனெக்ஷன் எடுக்கவில்லை, சமையல் முழுக்க இண்டக்ஷனில்தான். மழைக்காலம் வருவதற்குள் கரண்ட் இல்லாமலும் சமைக்க ஒரு வழி செய்து வைக்கணும். 2023 மிக்ஜாம் புயலில் இந்தப் பக்கம் பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது எல்லாருக்கும் தெரியும். நாங்கள் நான்கு பேர். பகலில் அப்பா, அம்மா மட்டும்தான் வீட்டில் இருப்பார்கள், அதனால் அவர்களும் பயமில்லாமல் கையாளக்கூடியதாக இருக்கணும். கடையில் பார்த்தால் கேன் போடுகிற அடுப்பு, மலையேறுபவர்கள் வைத்திருக்கும் குட்டி பர்னர், ஸ்பிரிட் அடுப்பு, ஜெல், மண்ணெண்ணெய் ஸ்டவ் என்று ஏகப்பட்டது இருக்கு. வீட்டில் 12 வோல்ட் 150 ஆம்பியர் மணி பேட்டரியோடு இன்வெர்ட்டரும் உண்டு. அதிலேயே இண்டக்ஷனை ஓட்டலாமா? அடுப்பு வாங்கினால் எது, அதற்கு எவ்வளவு எரிபொருள் வைத்துக்கொள்ளணும்?

நீலச்சுடர்

அடுப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் எரிபொருளைப் பற்றி யோசியுங்கள். எந்த அடுப்பு வாங்கினாலும் தீ எரியும். புயலுக்கு முந்தின நாள் அந்த எரிபொருள் கடையில் கிடைக்குமா, ஒரு வருஷம் ஃப்ளாட்டில் பத்திரமாக வைத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அப்படிப் பார்த்தால் பாதி வகை தானாகவே கழிந்துவிடும்.

உங்கள் நிலைமைக்கு என் தேர்வு பியூட்டேன் கேன் போடுகிற ஒற்றை பர்னர் அடுப்பு, அதாவது பக்கவாட்டில் ஒரு மூடிக்குள் நீளமான கேனைப் படுக்க வைக்கிற வகை. கேனில் 220 முதல் 230 கிராம் வரை கேஸ் இருக்கும். குளிர்ப் பிரதேசங்களில் பியூட்டேன் சரியாக ஆவியாகாது, அதன் கொதிநிலையே பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டித்தான். சென்னையில் டிசம்பர் மழையிலும் அந்தத் தொல்லை கிடையாது.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க, வெப்பம் வீணாவதையும் சேர்த்து, சுமார் 15 கிராம் கேஸ் போகும். காலையில் பால், காபிக்கு 15 கிராம். உப்புமாவோ கஞ்சியோ 25. குக்கரில் நான்கு பேருக்குச் சாதம் 30. பருப்பு, குழம்பு சேர்த்து 35. சாயங்காலம் டீ 10. ஆக, நாளொன்றுக்கு 115 கிராம். ஒரு கேன் இரண்டு நாளைக்கு வரும். நான்கு கேன் இருந்தால் ஒரு வாரம் ஓடும். முழுத் தீயில் தொடர்ந்து எரித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கேன் காலியாகிவிடும், அதனால் கொதி வந்ததும் தீயைக் குறைக்கிற பழக்கம் முக்கியம்.

மலையேறுபவர்களின் குட்டி பர்னர் வீட்டுக்கு வேண்டாம். கேனின் தலையில் திருகி, அதற்கு மேல் பாத்திரம் வைக்கிற அமைப்பு அது. தண்ணீரோடு மூன்று லிட்டர் குக்கரை ஏற்றினால் தலை கனத்துச் சாயும். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் அந்த உயரமே ஆபத்து.

ஸ்பிரிட் அடுப்பின் தீ வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றினால் தீ பாட்டிலுக்குள் ஏறிவிடும். ஜெல் டப்பா விருந்துகளில் உணவு ஆறாமல் வைத்திருக்கத்தான். பால் காய்ச்சலாம், குழந்தைக்குக் கஞ்சி சூடாக்கலாம். அரிசி வேக வைக்க அந்தச் சூடு போதாது. மாத்திரை வடிவ எரிபொருளின் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், அதை அறைக்குள் ஏற்றவே கூடாது. கரி அடுப்பைப் பற்றி ஒரே வார்த்தை: வீட்டுக்குள் கூடாது. ஜன்னல் திறந்திருந்தாலும் கூடாது, பால்கனிக் கதவை ஒட்டி வைத்தாலும் கூடாது. அது விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

ஃபியூஸ்கட்டை

இன்வெர்ட்டர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், சார்.

வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் 850 அல்லது 900 விஏ. அது தரக்கூடியது 700 வாட் சொச்சம். இண்டக்ஷனை 300 வாட்டில் வைத்தால் போதுமே என்று பலர் நினைக்கிறார்கள். நிறைய மாடல்கள் அந்த 300 வாட்டை நிஜமாக 300 ஆக இழுப்பதில்லை. சில நொடி 1000 வாட்டுக்கு மேல் இழுத்து, சில நொடி நின்று, மறுபடி இழுக்கும். சராசரிதான் 300. இன்வெர்ட்டர் முதல் இழுப்பிலேயே ஓவர்லோட் காட்டி நின்றுவிடும். பெரிய இன்வெர்ட்டர் இருந்தாலும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 1200 வாட் எடுக்க 100 ஆம்பியருக்கு மேல் போகணும். 150 ஆம்பியர் மணி (Ah) என்று பேட்டரியில் எழுதியிருப்பது 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கிற அளவு. இவ்வளவு வேகமாக உறிஞ்சினால் ஒரு மணி நேரம்கூட நிற்காது, பேட்டரியின் ஆயுளும் போகும். இன்னொன்று, சமையலறையின் 16 ஆம்பியர் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் வருவதே அபூர்வம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஹாலிலிருந்து இழுக்காதீர்கள்.

அபார்ட்மெண்ட் ஜெனரேட்டரும் அப்படித்தான். லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு போக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டுக்கு எத்தனை வாட் என்று அசோசியேஷனில் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் டீசல் வண்டி உள்ளே வரவில்லை என்றால் அதுவும் நிற்கும்.

இன்வெர்ட்டரில் ஓடக்கூடியது ஒன்று உண்டு: 300 முதல் 400 வாட் வரையிலான சின்ன எலக்ட்ரிக் ரைஸ் குக்கர். டிஜிட்டல் டிஸ்ப்ளே இல்லாமல் ஒரே நெம்பு சுவிட்ச் உள்ளதாகப் பாருங்கள். உள்ளே வெறும் ஹீட்டர் காயில்தான், இன்வெர்ட்டர் தருகிற கரண்டின் அலைவடிவம் சீராக இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. 400 வாட்டில் 25 நிமிஷம் ஓடினால் 170 வாட் மணி அளவுக்குப் போகும். ஒரு ஃபேன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற அளவு அது. முதல் நாள் பேட்டரி நிறைந்திருக்கும்போது ஒரு வேளைச் சாதத்துக்கு உதவும். இரண்டாம் நாள் அந்த பேட்டரி மொபைலுக்கும் விளக்குக்கும் வேண்டும். ஆக அடுப்பு ஒன்று தனியாக வேண்டியதுதான்.

அரைப்படி

நீலச்சுடர் சொன்ன 115 கிராமில் குடிநீர் இல்லை, கவனியுங்கள். வெள்ளம் வந்தால் கீழே சம்ப்பில் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில்) சாக்கடை கலக்கும். நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் காய்ச்சினால் 120 கிராம் கேஸ் அதற்கே போய்விடும், சமையலைவிட அதிகம். கணக்கு இரட்டிப்பாகிவிட்டது. கேஸை மிச்சம் பிடிக்க நினைத்தால் கேன் தண்ணீரை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், குளோரின் மாத்திரையும் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் எழுதியிருக்கும் அளவுப்படி போட்டு அரை மணி நேரம் விட்டுக் குடிக்கலாம். கலங்கலாக இருந்தால் முதலில் வேட்டித் துணியில் வடிகட்டணும், கலங்கிய தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது.

எது சமைப்பது என்பதும் அடுப்பைத் தேர்ந்தெடுப்பது போலத்தான் முக்கியம். துவரம்பருப்பை அந்த ஒரு வாரம் மறந்துவிடுங்கள், பாசிப்பருப்பு போதும். அரிசியை அரை மணி ஊற வைத்தால் நேரம் நன்றாகக் குறையும். குக்கரில் நேரடியாக வைக்காமல் உள்பாத்திரம் வைத்து, கீழ்த்தட்டில் பாசிப்பருப்பு, மேல்தட்டில் அரிசி என்று ஏற்றினால் ஒரே தீயில் இரண்டும் முடியும். இரண்டு விசில் வந்ததும் அணைத்துவிட்டு ஆவி தானாக அடங்கும்வரை திறக்காதீர்கள், மீதி வேக்காடு அதிலேயே ஆகும். அவல் இருந்தால் தீயே வேண்டாம், தயிரிலோ தண்ணீரிலோ ஊற வைத்து உப்பு, பச்சைமிளகாய் போட்டால் ஒரு வேளை ஆச்சு. தோசை வேண்டாம். மாவு புளித்துப் போகும் என்பது ஒரு காரணம். கேன் அடுப்பில் தோசைக்கல் வைக்கவே கூடாது என்பது பெரிய காரணம், அதை யாராவது விவரமாக எழுதினால் நல்லது.

நீலச்சுடர்

அரைப்படி அக்கா சொன்னது சரி, குடிநீரைச் சேர்த்தால் என் கணக்கு பாதிதான். காய்ச்சித்தான் குடிப்பீர்கள் என்றால் எட்டு கேன் வேண்டும்.

தோசைக்கல் விஷயம் இது. கேன் அடுப்பில் பர்னரும் கேனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, நடுவில் ஒரு தகடுதான். அகலமான கல் வைத்தால் அதன் விளிம்பு கேன் மூடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். கல்லின் சூடு கீழே இறங்கிக் கேனைக் காய்ச்சும். உள்ளே அழுத்தம் ஏறும். நல்ல அடுப்பில் அழுத்தம் எல்லை மீறினால் கேனைத் தானாகவே வெளியே தள்ளித் தீயை அணைக்கிற அமைப்பு இருக்கும். வாங்கும்போது அது இருக்கிறதா என்று கேட்டு, பெட்டியில் எழுதியிருப்பதையும் படித்துப் பாருங்கள். இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அது இல்லாததை வாங்காதீர்கள். பாத்திரத்தின் விளிம்பு கேன் மூடிக்கு மேல் வரக்கூடாது என்பதுதான் விதி. மூன்று லிட்டர் குக்கர் பெரும்பாலும் அடங்கும், ஐந்து லிட்டர் குக்கரை வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதே காரணத்துக்காக இரண்டு கேன் அடுப்புகளை ஒட்டி வைத்து ஒரே பெரிய அண்டாவை ஏற்றக்கூடாது. பர்னரைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றக்கூடாது.

மாட்டும் முறை: குமிழ் அணைந்த நிலையில் இருக்கட்டும், நெம்புகோல் மேலே இருக்கட்டும். கேன் கழுத்து வளையத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அடுப்பில் அதற்கேற்ற நாக்கு இருக்கும். பெரும்பாலான அடுப்புகளில் வெட்டு மேல்நோக்கி வரணும். அப்போதுதான் கேனுக்குள் இருக்கும் குழாய் ஆவியை எடுக்கும். திருப்பி வைத்துவிட்டால் திரவமாகவே பர்னருக்குப் போய்த் தீ மஞ்சளாகக் குபீரென்று எழும். சரியாக உட்கார்ந்த பிறகு நெம்புகோலை அழுத்தி, காதைக் கொடுத்துக் கேளுங்கள். உஸ் என்று சத்தமோ வாசனையோ வந்தால் உடனே கழற்றுங்கள். கழுத்து ரப்பரில் தூசி இருக்கலாம், கேனின் வளையம் நசுங்கியிருக்கலாம். சத்தமும் வாசனையும் இல்லையென்றால் குமிழைத் திருப்பிப் பற்ற வையுங்கள். முதலில் நிறைய அடுப்பு இரண்டு மூன்று தடவை டிக் டிக் என்று பொய்த்த பிறகுதான் பிடிக்கும். தொடர்ந்து பிடிக்காவிட்டால் அணைத்து ஒரு நிமிஷம் விட்டு, தீக்குச்சியை முதலில் கொளுத்திக் கிட்டே பிடித்து, அதன்பிறகு குமிழைத் திறங்கள். வரிசை மாறக்கூடாது. சமைத்து முடித்ததும் குமிழை மூடி, நெம்புகோலைத் தூக்கி, கேனை வெளியே எடுத்து மூடி போட்டு வைக்கணும். உள்ளேயே விட்டால் அந்த ரப்பர் வழியாக மெல்லக் கசியும்.

நீண்ட நேரம் எரித்தால் கேன் சில்லென்று குளிர்ந்து தீ குறையும். உள்ளே கேஸ் ஆவியாவதால் வரும் குளிர்ச்சி அது, பழுது இல்லை. வெந்நீர் ஊற்றியோ தீயில் காட்டியோ சூடாக்க வேண்டாம். கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும்.

கேனில் வீட்டு சிலிண்டரிலிருந்து கேஸ் பிடித்துக்கொள்ளலாம் என்று சிலர் வீடியோ போடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டு கேஸில் புரோபேனும் கலந்திருக்கும், அதன் அழுத்தம் பியூட்டேனைவிடப் பல மடங்கு. மெல்லிய தகரக் கேன் அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை.

திரிஸ்டவ்

மண்ணெண்ணெய் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இன்னும் பலர் பழைய ஸ்டவ்வைப் பரணில் வைத்திருக்கிறார்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணெய் கிடைப்பதே கஷ்டம்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் திரி ஸ்டவ்வாக இருந்தால் திரிகளை எல்லாம் ஒரே உயரத்துக்குக் கத்தரித்துவிடுங்கள். ஒன்று மட்டும் தூக்கி நின்றாலும் அந்தப் பக்கம் மஞ்சள் தீயும் கரியும்தான். புதுத் திரி எண்ணெயில் ஊற ஒரு மணி நேரமாவது விடணும், காய்ந்த திரியைப் பற்ற வைத்தால் துணியே எரிந்து போகும். பம்ப் ஸ்டவ்வில் கோளாறு பெரும்பாலும் இரண்டே இடத்தில். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் பம்பின் தோல் வாஷர் காய்ந்து காற்றைப் பிடிக்காது, அதைக் கழற்றி எண்ணெயில் ஊற வைத்து விளிம்பை விரித்துவிட்டால் மறுபடி பிடிக்கும். இன்னொன்று நிப்பிள் (எண்ணெய் ஆவி வெளிவரும் நுண்துளை) அடைப்பு, அதை ஸ்டவ் ஊசியால் குத்தி எடுக்கணும். பர்னர் தலை நன்றாகச் சூடேறுவதற்குள் பம்ப் அடித்தால் எண்ணெய் ஆவியாகாமல் பீய்ச்சிக்கொண்டு ஆளுயரத் தீ வரும், பல விபத்துகள் இங்கேதான் ஆரம்பிக்கும். சூடாக இருக்கும்போது எண்ணெய் ஊற்றாதீர்கள், பெட்ரோல் ஒரு சொட்டுகூடக் கலக்காதீர்கள்.

மாடிவீடு (பெரும்பாக்கம்)

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். புயல் அடிக்கும்போது ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும், எங்கே வைத்துச் சமைப்பது? பால்கனியா? இரண்டாவது, பெட்ரோல் பங்கில் 5 கிலோ சிலிண்டர் கிடைக்கிறதே, அது கேனைவிட மேலா?

கசிவுசோதனை

பால்கனி வேண்டவே வேண்டாம். காற்றில் தீ அணையும், கேஸ் வந்துகொண்டே இருக்கும். விலை குறைந்த கேன் அடுப்புகளில் தீ அணைந்தால் கேஸை நிறுத்துகிற அமைப்பு பெரும்பாலும் இருக்காது. சமையலறை மேடையிலேயே வைத்து, காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள். கரண்ட் இல்லாததால் சிம்னியும் எக்ஸாஸ்டும் ஓடாது, அந்த ஒரு சாண் இடைவெளிதான் உங்களுக்குக் காற்றோட்டம். சமைக்கிற நேரம் மட்டும் ஏற்றுங்கள், அறையைக் கதகதப்பாக்கவோ துணி காயவைக்கவோ ஏற்றாதீர்கள்.

5 கிலோ சிலிண்டர் பற்றி. இந்தியன் ஆயிலில் சோட்டு என்ற பெயரில் கொடுக்கிறார்கள், மற்ற இரண்டு அரசு நிறுவனங்களிலும் உண்டு. அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று தேவையில்லை, அதனால் வாடகை வீட்டுக்காரர்களுக்கு வசதி. நீலச்சுடரின் 115 கிராம் கணக்குப்படி சமையலுக்கு மட்டும் என்றால் ஒரு மாதத்துக்கு மேலேயே வரும். சாதாரண கேஸ் ஸ்டவ் என்பதால் தோசைக்கல்லும் வைக்கலாம், ஐந்து லிட்டர் குக்கரும் நிற்கும். தண்ணீர் தேங்குகிற ஏரியாவில் மூன்று நாளுக்கு மேல் கரண்ட் வராது என்று எதிர்பார்க்கிற குடும்பத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். உங்கள் அப்பா, அம்மாவுக்கும் இதுதான் சுலபம், கேனை வெட்டு பார்த்து மாட்டுகிற வேலை இல்லை. குமிழைத் திருப்பி லைட்டர் அடிக்கிற பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். சிலிண்டர் தலையில் கைப்பிடி வளையத்தின் உட்பக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் வருஷமும் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். டி 28 என்று இருந்தால் 2028 டிசம்பருக்குள் சோதனைக்குப் போகணும் என்று பொருள், தேதி கடந்ததை வாங்காதீர்கள். அடுத்து, வால்வுக்குள் கருப்பு ரப்பர் வளையம் வெடிப்பில்லாமல் இருக்கணும். பிறகு, ரெகுலேட்டரை அங்கேயே மாட்டிப் பாருங்கள், எல்லா ரெகுலேட்டரும் எல்லா வால்வுக்கும் பொருந்தாது. டியூப் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப்பாக இருக்கட்டும்.

வீட்டில் மாட்டியதும் சோப்பு நுரையை வால்வு, ரெகுலேட்டர், டியூப்பின் இரண்டு முனை எல்லாவற்றிலும் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி காட்டிப் பார்க்காதீர்கள். சிலிண்டர் நிமிர்ந்து தரையில் நிற்கணும், அடுப்பு அதைவிட உயரத்தில் மேடையில் இருக்கணும். இந்த கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு பரவித் தங்கும். அதனால் கீழே கார் பார்க்கிங் பள்ளத்திலோ மூடிய லாஃப்ட்டிலோ வைக்காதீர்கள்.

கரண்ட் கட் நேரத்துக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. கரண்ட் இல்லாதபோது கேஸ் கசிந்து அறையில் நிரம்பியிருக்கும், யாரும் எதையும் தொடமாட்டார்கள், திடீரென்று கரண்ட் வந்ததும் ஃப்ரிட்ஜ் தானாக ஸ்டார்ட் ஆகும். அந்தப் பொறி போதும். கரண்ட் போனதுமே ஃப்ரிட்ஜ் சுவிட்சை அணைத்து வைப்பது நல்லது. கசிவு வாசனை வந்த பிறகு எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே வந்து கேஸ் கசிவு அவசர எண் 1906க்கு ஃபோன் செய்யுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

தெருமுனைக் கடைகளில் தலையிலேயே பர்னர் வைத்த குட்டி சிலிண்டர் விற்கிறார்கள், பெரிய சிலிண்டரிலிருந்து கிலோ கணக்கில் பிடித்தும் கொடுக்கிறார்கள். அது இந்தப் பட்டியலிலேயே வரக்கூடாது. ரெகுலேட்டர் கிடையாது, சோதனைத் தேதி கிடையாது, எவ்வளவு நிரப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஃபியூஸ்கட்டை

ஃப்ரிட்ஜ் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் கரண்ட் போய் வரும்போது இன்வெர்ட்டருக்குள் இருக்கும் ரிலேயும் (தானாக மாறும் சுவிட்ச்) பொறி விடும். சிலிண்டரையோ கேன்களையோ இன்வெர்ட்டர் இருக்கும் மூலையில் வைக்காதீர்கள். அந்த மூலையில் இடம் காலியாக இருக்கிறது என்று பலர் அங்கேதான் வைக்கிறார்கள்.

நீலச்சுடர்

5 கிலோ சிலிண்டர் வைக்க இடமும் வீட்டு ஓனர் சம்மதமும் இருந்தால் அதையே எடுங்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் கேன் அடுப்பு. கேன் பக்கம் போனால் திருவான்மியூர், பெசன்ட் நகர்க்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்வது: உப்புக்காற்றில் கேனின் அடி விளிம்பும் கழுத்தும் முதலில் துருப்பிடிக்கும். உலர்ந்த இடத்தில், வெயிலும் அடுப்பும் படாமல், மூடியோடு நிமிர்த்தி வையுங்கள். காருக்குள் வைக்காதீர்கள். செப்டம்பரில் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து, துரு ஏறியதையும் நசுங்கியதையும் ஒதுக்கிவிட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் புதுசு வாங்கிவிடுங்கள். அதே நாளில் அம்மாவைக் கூப்பிட்டு அவர் கையாலேயே கேனை மாட்டி, பற்ற வைத்து, அரை லிட்டர் தண்ணீர் காய்ச்சி, கழற்றி மூடி போடச் சொல்லுங்கள். லைட்டர் ஒன்று, தீப்பெட்டி இரண்டு, ஜிப் கவரில் போட்டு அடுப்புப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், ஈரத்தில் தீப்பெட்டிதான் முதலில் கைவிடும்.

மாடிவீடு (பெரும்பாக்கம்)

ஓனரிடம் பேசிவிட்டேன், சிலிண்டருக்குச் சம்மதம். 5 கிலோவும் ஒற்றை பர்னர் ஸ்டவ்வும் எடுக்கிறேன். ரெகுலேட்டரைப் பங்கிலேயே மாட்டிப் பார்த்துத்தான் கொண்டுவருவேன். சம்ப் கலங்கினால் தண்ணீருக்குக் குளோரின் மாத்திரை இரண்டு அட்டை.

அரைப்படி

மாத்திரை அட்டையிலும் காலாவதித் தேதி இருக்கும், பார்த்து வாங்குங்கள். குளோரின் போட்ட தண்ணீரில் அரிசி வேக வைப்பதில் தப்பில்லை, கொதியில் வாசனை போய்விடும்.